அஃபேர்... அடல்ட்ரி... லிவ்-இன்... என்ன வித்தியாசம் பாஸ்?

"மச்சி, அந்த அக்காவும் அண்ணனும் லிவ்-இன்னாம்டா!"

"போடா... ஹவுஸ் ஓனர் அதை அஃபேர்ங்கறார்."

"எங்க பாட்டி வேற ஒரு வார்த்தை சொன்னாங்க. ட்ரெயின்ல வெச்சு சொல்ல முடியாது!"

ஆவடி லோக்கலில் அம்பத்தூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே இந்த மாதிரி டயலாக் சகஜம். ஜோடி ஒண்ணுதான். மூணு வாயில் மூணு பெயர்!

தமிழில் சொல்லக் கூச்சமாக இருக்கிற விஷயத்தை இங்கிலீஷில் சொல்லித் தப்பிப்பது நம்ம பழக்கம். கொஞ்சம் டீசன்ட்டாகக் கேட்குமே! ஆனால், இந்த வார்த்தைகளுக்கெல்லாம் ஒரே அர்த்தம் கிடையாது. ஒன்று, 158 வருஷம் கிரிமினல் குற்றமாக இருந்தது. ஒன்று, வெறும் வம்பு. ஒன்றுக்குப் பின்னால் சட்டப் பாதுகாப்பு நிற்கிறது. இன்னொன்று, பெண்ணை மட்டும் பார்த்து எறிகிற கல். கோவையில் ஒரு பெண் மாசம் 500 ரூபாய் கேட்டுப் போட்ட வழக்கு, இந்த வார்த்தைகளுக்கு நடுவே சிக்கி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. அந்தக் கதைக்கு வருவோம். அதற்கு முன்னால் கொஞ்சம் டிக்‌ஷனரியைப் புரட்டுவோமா?

'ப்ரீ'யா, 'எக்ஸ்ட்ரா'வா?

முதல் குழப்பமே இங்கேதான். 'ப்ரீ-மேரிட்டல்' என்றால் கல்யாணத்துக்கு முந்தைய உறவு. 'எக்ஸ்ட்ரா-மேரிட்டல்' என்றால் ஏற்கெனவே கல்யாணமான ஒருவர், அந்தக் கல்யாணத்துக்கு வெளியே வைத்துக்கொள்கிற உறவு. லத்தீனில் 'எக்ஸ்ட்ரா'வுக்கு 'வெளியே' என்றுதான் அர்த்தம். எக்ஸ்ட்ரா சாம்பார் மாதிரி 'கூடுதல்' என்று நினைத்துவிடாதீர்கள்!

ரெண்டு பேருமே கல்யாணம் ஆகாதவர்கள் என்றால் அங்கே எக்ஸ்ட்ராவுக்கு வேலையே இல்லை. ஆனால், ஸ்டாஃப் ரூமில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரைதான் குத்துகிறார்கள்.

அடல்ட்ரி: 'அடல்ட்' சமாசாரம் இல்லீங்க!

'அடல்ட்' என்ற வார்த்தையிலிருந்து 'அடல்ட்ரி' வந்தது என்று சத்தியம் செய்கிற பசங்க உண்டு. இல்லவே இல்லை. லத்தீனில் 'கெடுப்பது, மாசுபடுத்துவது' என்று அர்த்தம் தருகிற வார்த்தையிலிருந்து பிறந்தது. பாலில் தண்ணீர் கலப்பதற்கு 'அடல்ட்ரேஷன்' என்கிறோமே... அதுவும் இதுவும் கூடப்பிறந்தவை. கலப்படம்!

இது வெறும் திட்டு அல்ல, சட்டத்தில் இருந்த வார்த்தை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497-வது பிரிவு. அடுத்தவர் மனைவியோடு, அந்தக் கணவரின் சம்மதம் இல்லாமல் உறவு வைத்துக்கொள்கிற ஆணுக்கு 5 வருஷம் வரை ஜெயில். கணவர் சம்மதித்தால் குற்றமில்லை! கல்யாணமான ஆண், கல்யாணம் ஆகாத பெண்ணோடு பழகினாலும் இந்தப் பிரிவு பாயாது. அவனுடைய மனைவி புகார் கொடுக்கவும் வழியில்லை. மொத்தத்தில், மனைவி என்பவள் கணவனின் சொத்து. சொத்தில் கை வைத்தவனுக்குத் தண்டனை. அவ்வளவுதான் அதன் லாஜிக்.

2018 செப்டம்பர் 27-ம் தேதி, ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்ச் இந்தப் பிரிவை ஒருமனதாக ரத்து செய்தது. இதில் ஒரு சுவாரஸ்யம்... 1985-ல் இதே பிரிவு செல்லும் என்று தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஒய்.வி.சந்திரசூட். 2018-ல் ரத்து செய்த பெஞ்ச்சில் இருந்தவர் அவருடைய மகன் டி.ஒய்.சந்திரசூட்!

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அடல்ட்ரி குற்றமாக இல்லை. 'அப்போ ஜாலிதானா?' என்று கிளம்பிவிட வேண்டாம். ஜெயில்தான் போனது. விவாகரத்து கேட்பதற்கு அடல்ட்ரி இன்றைக்கும் ஒரு காரணம். கணவர், மனைவி ரெண்டு பேருமே கேட்கலாம். ஆவடிக்காரர்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல்: 2018 தீர்ப்பு ராணுவம், கடற்படை, விமானப்படைச் சட்டங்களைத் தொடாது என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் விளக்கிவிட்டது. சீருடைக்காரர்கள் மீது துறை நடவடிக்கை வரலாம்.

அஃபேர்: வம்பின் செல்லப்பிள்ளை

ஃப்ரெஞ்ச்சில் 'செய்ய வேண்டிய வேலை' என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து வந்தது. 'ஃபாரின் அஃபேர்ஸ்' என்றால் வெளியுறவுத் துறை. அதே 'அஃபேர்' தெருமுனைக்கு வந்தால் கிசுகிசு! சட்டத்தில் இதற்குத் தனியாக ஒரு விளக்கமும் கிடையாது. ரெண்டு பேர் சேர்ந்து பானிபூரி சாப்பிட்டாலும் அஃபேர், பத்து வருஷம் ரகசியமாகப் பழகினாலும் அஃபேர். அளவே இல்லாத வார்த்தை என்பதால்தான் வம்புக்கு இவ்வளவு வசதி.

மிஸ்ட்ரெஸ், கான்குபைன், கீப்: ஆம்பளைக்கு என்ன பேரு?

'மிஸ்ட்ரெஸ்' என்பது முதலில் மரியாதையான வார்த்தை. 'மாஸ்டர்' என்பதற்குப் பெண்பால். வீட்டின் எஜமானி, பள்ளிக்கூடத்து டீச்சர்... எல்லோரும் மிஸ்ட்ரெஸ்தான். காலப்போக்கில் மாஸ்டர் மாஸ்டராகவே இருக்க, மிஸ்ட்ரெஸ் மட்டும் 'கல்யாணமானவனின் ரகசியத் துணை' ஆகிவிட்டாள். 'கான்குபைன்' லத்தீனில் 'கூடப் படுப்பவள்'. 'பாரமௌர்' மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. பழைய ஃப்ரெஞ்ச்சில் 'காதலால்' என்று அர்த்தம். அதையும் கொலை வழக்குச் செய்திகளில் போட்டுக் கறுப்பாக்கிவிட்டார்கள்.

'கீப்'தான் உச்சம். 'வைத்திருப்பது' என்ற வினைச்சொல்லையே பெண்ணுக்குப் பெயராக்கியாச்சு. பீரோவில் வைப்பது மாதிரி! தமிழும் சளைத்ததில்லை. 'வைப்பாட்டி'யில் இருப்பதும் அதே 'வை'தான். பெண்ணைச் செங்கல்லாக்கி 'சின்ன வீடு' என்றோம். 1985-ல் கே.பாக்யராஜ் அந்தப் பெயரிலேயே படமும் எடுத்தார்.

இப்போ ஒரு சின்ன டெஸ்ட். இதே உறவில் இருக்கிற ஆணுக்கு இந்த அளவுக்கு அசிங்கமான ஒரு பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். யோசிங்க... யோசிங்க... 'மைனர்', 'மன்மதன்', 'ப்ளேபாய்' என்று வருகிறதா? எல்லாமே பாதி பாராட்டு!

500 ரூபாயும் ஒரு 'கீப்'பும்

இப்போது அந்தக் கோவை கதை. 2001-ல் ஒரு பெண் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார். '1986-ல் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ரெண்டு, மூணு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டார். மாசம் 500 ரூபாய் ஜீவனாம்சம் வேண்டும்' என்பது அவருடைய மனு. எதிர்த்தரப்பில் இருந்தவர், தனக்கு 1980-லேயே வேறு பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது என்றார். கோவை குடும்ப நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் பெண்ணின் பக்கம் நின்றன. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

2010 அக்டோபர் 21-ம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ்.தாக்கூர் தீர்ப்பு சொன்னார்கள். சட்டக் கல்லூரிகளில் வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கு என்று படிப்பது இதைத்தான். முதல் மனைவி என்று சொல்லப்படுபவரை விசாரிக்காமலே அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்று எப்படி முடிவுக்கு வர முடியும் என்று கேட்டு, வழக்கை மறுபடி கோவைக்கே அனுப்பினார்கள். கூடவே, 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கும் 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவு' என்பதற்கும் விளக்கம் கொடுத்தார்கள். ஒருவன் 'கீப்' வைத்துப் பராமரித்தால், அது இந்த வகையில் வராது. வாரக் கடைசியில் மட்டும் சேர்ந்து இருப்பதும், ஒன் நைட் ஸ்டாண்டும் வராது. நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே அச்சில் ஏறிவிட்டது 'கீப்'!

அடுத்த நாளே அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் அதே பெஞ்ச் முன்னால் எழுந்து நின்றார். 21-ம் நூற்றாண்டில் ஒரு பெண்ணைப் பற்றி சுப்ரீம் கோர்ட் இந்த வார்த்தையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நேருக்கு நேர் கேட்டார். 'கான்குபைன்' என்று போட்டால் பரவாயில்லையா என்று பெஞ்ச்சிலிருந்து பதில் கேள்வி வந்தது. வார்த்தையை மாற்றினால் அர்த்தம் மாறிவிடுமா, என்ன?

கோர்ட் மொழி கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 2023 ஆகஸ்ட்டில், நீதிபதிகளும் வக்கீல்களும் தவிர்க்க வேண்டிய வார்த்தைகளின் பட்டியலோடு ஒரு கையேட்டை சுப்ரீம் கோர்ட் வெளியிட்டது. 'கீப்', 'மிஸ்ட்ரெஸ்', 'கான்குபைன்' மூன்றும் அதில் உண்டு. 'அஃபேர்' என்பதற்குப் பதில் 'திருமணத்துக்கு வெளியிலான உறவு' என்று எழுதச் சொன்னது. 2025 பிப்ரவரியில், ஒரு பெண்ணை 'விசுவாசமான மிஸ்ட்ரெஸ்' என்று முன்பு மும்பை உயர் நீதிமன்றம் எழுதியிருந்ததைக் கண்டித்து, அது அந்தப் பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் வார்த்தை என்றது. சட்டப்படி செல்லாத கல்யாணமாக இருந்தாலும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதும் அதே தீர்ப்புதான்.

லிவ்-இன்: குற்றமும் இல்லை, கல்யாணமும் இல்லை

கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் ஜோடியாக வாழ்வது லிவ்-இன். கோர்ட் மொழியில் 'கோஹாபிட்டேஷன்'. இது குற்றமா? இல்லை.

2005-ல் கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைக்குக் கருத்து சொன்னதற்காக நடிகை குஷ்பு மேல் 23 வழக்குகள் பாய்ந்தன. பெரும்பாலும் தமிழ்நாட்டில்! 2010 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. வயது வந்த ரெண்டு பேர் விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழ்வது சிலருக்கு ஒழுக்கக்கேடாகத் தெரியலாம், அதற்காக அது குற்றம் ஆகாது என்பதுதான் சாரம். 2019 டிசம்பரில் கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி வழக்கில், கல்யாணம் ஆகாத ஜோடி ரூம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

ஆனால், பூந்தமல்லியில் வீடு தேடிப் போனால் முதல் கேள்வியே 'ஃபேமிலியா?'தான். வாடகைக்கு விடுவதும் விடாததும் ஓனர் இஷ்டம். சட்டம் தடுக்கவில்லை என்பதால் சாவி கிடைத்துவிடாது!

முக்கியமான மேட்டருக்கு வருவோம். எல்லா லிவ்-இன்னுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. அதே 2010 தீர்ப்பு சொன்ன கண்டிஷன்கள் இவை. ரெண்டு பேரும் ஊருக்குத் தம்பதி மாதிரி தெரிய வேண்டும். கல்யாண வயது வந்திருக்க வேண்டும். ரெண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியானவர்களாக, அதாவது வேறு கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். சொந்த விருப்பத்தில் கணிசமான காலம், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இப்படி இருந்தால் அடி, உதை, மிரட்டல், வீட்டை விட்டு விரட்டுவது போன்றவற்றுக்கு எதிராக அந்தப் பெண் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் முன் போய்ப் பாதுகாப்பும் பணமும் கேட்கலாம். அம்பத்தூர்க்காரருக்கு அம்பத்தூர் கோர்ட், பூந்தமல்லிக்காரருக்கு பூந்தமல்லி கோர்ட்.

ஆள் ஏற்கெனவே கல்யாணமானவர் என்று தெரிந்தே சேர்ந்திருந்தால்? அது இந்த வகையில் வராது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 'ஆறு மாசத்துல டைவர்ஸ் ஆயிடும்மா' என்கிற டயலாக்கை நம்புகிறவர்கள் இந்த வரியை ரெண்டு தரம் படிக்கவும்.

இந்தக் கண்டிஷன்கள் எல்லாம் வெளிநாட்டு 'காமன் லா மேரேஜ்' என்ற கருத்திலிருந்து வந்தவை. சடங்கு, பதிவு எதுவும் இல்லாமலே சேர்ந்து வாழ்வதைக் கல்யாணமாக ஏற்பது. அமெரிக்காவிலேயே டெக்சாஸ், கொலராடோ என ஒரு சில மாநிலங்களில்தான் இன்றைக்கும் உண்டு. 'பாலிமனி' என்ற வார்த்தையும் அந்தத் தீர்ப்பில் வரும். 'பால்' என்றால் நண்பர், 'அலிமனி' என்றால் ஜீவனாம்சம். ரெண்டையும் ஒட்டிச் செய்த வார்த்தை. ஹாலிவுட் நடிகர் லீ மார்வினோடு சேர்ந்து வாழ்ந்த பெண், பிரிந்த பிறகு பங்கு கேட்டுப் போட்ட வழக்கில் பிரபலமானது. 1976-ல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் 'கேட்கலாம்' என்றது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது... பூஜ்யம்!

ஃப்ளிங், எஃப்.டபிள்யூ.பி., சிச்சுவேஷன்ஷிப்

நம்ம கேம்பஸ் ஏரியா. 'ஃப்ளிங்' என்றால் கொஞ்ச நாள் ஜாலி, பொறுப்பு கிடையாது. 'ஒன் நைட் ஸ்டாண்ட்' ஒரே ராத்திரியோடு சரி. 'ஃப்ரெண்ட்ஸ் வித் பெனிஃபிட்ஸ்' என்றால் நட்பு உண்டு, உடல் நெருக்கம் உண்டு, காதல் என்ற பேச்சு கிடையாது. 'சிச்சுவேஷன்ஷிப்' எல்லாமே இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டின் 'வருடத்தின் சொல்' இறுதிப் பட்டியல் வரைக்கும் வந்த வார்த்தை!

இவை எதற்கும் சட்டத்தில் உரிமை கிடையாது. ஆனால், ஆபத்து உண்டு. கல்யாணம் செய்கிற எண்ணமே இல்லாமல் 'கட்டிக்கிறேன்' என்று ஏமாற்றி உறவு கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா 69-வது பிரிவுப்படி 10 வருஷம் வரை ஜெயில். அதேபோல, ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். 18-க்குக் கீழே இருப்பவர் சட்டத்தின் கண்ணில் குழந்தை. 'அவளும் சம்மதிச்சா' என்ற பேச்சு போக்சோ சட்டத்தில் எடுபடாது.

வார்த்தையை மாற்றிய ஊர் இது

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கலாசாரம்' என்பவர்களுக்கு ஒரு தகவல். தொல்காப்பியத்தில் களவியல், கற்பியல் என்று ரெண்டு தனித்தனி இயல்கள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய ரகசியக் காதல் களவு. கல்யாண வாழ்க்கை கற்பு. அங்கே 'களவு' வசைச் சொல் இல்லை, இலக்கணச் சொல். நாம்தான் அந்தக் 'கள்'ளை எடுத்துக் 'கள்ளக்காதல்' என்று போஸ்டரில் ஒட்டினோம்.

இன்னொன்று. புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஊரறிய மாலை மாற்றி, பிள்ளை பெற்று வாழ்ந்த பெண்கள், சட்டத்தின் பார்வையில் மனைவி இல்லை என்ற நிலை. 1967-ல் அண்ணா அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் அமலானது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் சேர்ந்து செல்லுபடியாயின. அதே ஜோடி, அதே வீடு, அதே பிள்ளைகள்... மாறியது சட்டம் கொடுத்த பெயர் மட்டும்தான். அந்தப் பெயரோடு சொத்து வந்தது, வாரிசுரிமை வந்தது, தலைநிமிர்வு வந்தது.

அதனால, ரெண்டு விஷயம் ஃப்ரெண்ட்ஸ்...

உங்கள் சொந்த உறவு என்றால், 'இதுக்கு என்ன பேரு?' என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஃப்ளிங்கா, லிவ்-இன்னா, கல்யாணத்துக்குப் போகிற வழியா? ரெண்டு பேர் மனதிலும் ரெண்டு வேறு பெயர் இருந்தால், பின்னாடி அழப்போவது யார் என்று ஊருக்கே தெரியும். கல்யாணமே செய்துகொண்டால், 90 நாளுக்குள் ரெஜிஸ்டர் ஆபீஸில் பதிவு செய்துவிடுங்கள். கோவைப் பெண் 500 ரூபாய்க்காக நிரூபிக்கப் போராடியது, அவருக்குக் கல்யாணம் நடந்தது என்ற ஒரே விஷயத்தைத்தான். அடி, மிரட்டல் என்று வந்தால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

அடுத்தவர் உறவு என்றால்? அவர்களுக்குப் பெயர் வைக்கிற வேலை நமக்கு இல்லை. வைத்தே தீருவேன் என்கிறவர்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கிறீர்களோ, அதே பெயரை அந்த ஆணுக்கும் வைத்துப் பாருங்கள். நாக்கில் வரவில்லை என்றால், அந்த வார்த்தையே தப்பு!